ழகரத்துக்கு எவ்வளவு இடம்?

மொழிபெயர்ப்பு என் தொழில். நாளுக்கு ஆறேழு மணி நேரம் தமிழில் தட்டச்சு செய்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் பேருந்தில் போய் வருகிறேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனத்த பழைய லேப்டாப்பைச் சுமந்து கழுத்துவலி வந்த பிறகு, கீபோர்டைக் கழற்றி மாட்டும் பத்து அங்குல டேப்லெட் ஒன்றை 23,000 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதமாக என் வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. மாடலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாடல்கள் வருடாவருடம் மாறும். இந்த அளவில், இந்த விலையில் எதை வாங்கினாலும் நீங்கள் சந்திக்கப்போகும் விஷயங்கள் பெரும்பாலும் இவைதான்.

பெட்டிக்குள் மூன்று துண்டுகள்: டேப்லெட், முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஸ்டாண்டு கவர், கீபோர்டு. டேப்லெட் மட்டும் 450 கிராம். மூன்றும் சேர்ந்தால் 920 கிராம். ஒரு கிலோ அரிசிப் பையை விடக் குறைவு. குரோம் ஓஎஸ்ஸில் ஓடுகிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளை. இயர்போன் துளை கிடையாது.

கீபோர்டைத் தனியாக சார்ஜ் செய்ய வேண்டாம், புளூடூத்தில் இணைக்கவும் வேண்டாம். டேப்லெட்டின் கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு உலோகப் புள்ளிகள் வழியாக மின்சாரமும் தகவலும் போய் வருகின்றன. அருகே கொண்டுபோனாலே ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது மாதத்தில் தட்டிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு திடீர் திடீரென்று துண்டிக்கப்பட்டது. பேருந்துப் புழுதியும் கைவியர்வையும் அந்தப் புள்ளிகளில் படிந்திருந்தன. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்ததும் சரியானது. அதிலிருந்து வாரம் ஒரு முறை துடைக்கிறேன். பிறகு தொந்தரவு இல்லை.

வெட்டு விழுந்த இடம்

சாதாரண கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். ஒரு வரிசைக்குப் பதினைந்து விசை அகலம் என்று கொண்டால் 285 மில்லிமீட்டர் வேண்டும். பத்து அங்குல டேப்லெட்டின் மொத்த அகலமே சுமார் 240தான். நாலரை சென்டிமீட்டரை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். எல்லா விசைகளையும் ஒரே மாதிரிச் சுருக்கினால் எதையுமே தட்ட முடியாது. அதனால், அதிகம் பயன்படாதவை என்று கருதும் விசைகளை மட்டும் ஒடுக்கிவிடுகிறார்கள். என் கீபோர்டை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆங்கில எழுத்து விசைகளுக்கு இடைவெளி 17 மில்லிமீட்டர். வலது ஓரத்தில் இருக்கும் அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு ஆகியவற்றுக்கு 11.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஒரு பக்கத்துக்கு எத்தனை அரைப்புள்ளி போடப்போகிறார்? ஆனால் தமிழ்99-இல் தட்டுகிறவர்கள் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசை அமைப்பில், இடது அடைப்புக்குறியில் ‘ச’, வலது அடைப்புக்குறியில் ‘ஞ’, அரைப்புள்ளியில் ‘ந’, மேற்கோள் குறியில் ‘ய’, சாய்கோட்டில் ‘ழ’. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு என்று பகுத்த அமைப்பு அது. மெய்களுக்கு இடம் போதாமல் வலது ஓரத்தின் குறியீட்டு விசைகளையும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு ஓரமாக இருப்பது தமிழுக்கு நடுவீடு.

‘செய்ந்நன்றி’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்99-இல் அதற்கு ஒன்பது தட்டல்கள்: ச, எ, ய, புள்ளி, ந, ந, ன, ற, இ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘ன்ற’ போன்ற இணைகளுக்கும் அப்படியே. அந்த ஒன்பதில் நான்கு தட்டல்கள் ஒடுங்கிய விசைகளில் விழுகின்றன. முதல் வாரம் என் வாக்கியங்கள் சிதைந்துபோயின. ‘ய’வுக்குப் போன சுண்டுவிரல் என்டர் விசையில் விழும், வாக்கியத்தின் நடுவில் புதுப் பத்தி பிறக்கும். பத்து ஆண்டுகளாக விசைகளைப் பார்க்காமல் தட்டிப் பழகியவளுக்கு, தன் மொழியில் தன் விரலே தடுமாறுவது மனதை வருத்தும் அனுபவம்.

நான்கு வாரத்தில் விரல்கள் பழகின. இப்போது என் பழைய வேகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டேன். ஆனாலும் வீட்டுக் கீபோர்டில் ஒரு நாள் வேலை செய்துவிட்டு இதற்குத் திரும்பினால் முதல் அரை மணி நேரம் பிழைகள் கூடுகின்றன. தமிழ்99 மட்டும்தான் இப்படி என்றில்லை. இன்ஸ்கிரிப்ட் அமைப்பிலும் ச, ட, ய மூன்றும் இந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு மட்டும் கவலை இல்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஆங்கில எழுத்து விசைகளிலேயே இருக்கிறது. குரோம் ஓஎஸ் இந்த மூன்று வகைக்கும் இடம் தருகிறது. அமைப்புகளுக்குள் போய் உள்ளீட்டு முறையைச் சேர்த்தால் போதும், தனி மென்பொருள் தேவையில்லை.

மடியா, மேசையா?

கழற்றி மாட்டும் கருவிகளில் இரண்டு மரபுகள் உண்டு. 2011-இல் வந்த ஆசுஸ் ஈ பேட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அதன் கீபோர்டு கெட்டியானது. கீல் உண்டு, உள்ளே கூடுதல் மின்கலமும் உண்டு. மாட்டிவிட்டால் சின்ன லேப்டாப் மாதிரி மடியில் உட்காரும். 2012 அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் இன்னொன்று. திரைக்குப் பின்னால் ஒரு கால், முன்னால் மெல்லிய கீபோர்டு. அதிலிருந்து கீபோர்டுகள் இளைத்தன, பை கனம் குறைந்தது. ஆனால் 2018-இல் 399 டாலருக்கு வந்த சர்ஃபேஸ் கோவுக்குக்கூடக் கீபோர்டைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2020-இல் லெனோவோவின் குரோம்புக் டூயட் கீபோர்டையும் ஸ்டாண்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்து 279 டாலருக்கு வந்தது. என்னைப் போன்றவர்களின் கைக்கு இந்த வகை எட்டியது அதற்குப் பிறகுதான்.

என்னுடையது இரண்டாவது மரபு. மேசையில் வைத்தால் உறுதியாக நிற்கிறது. மடியில் நிலைமை வேறு. லேப்டாப்பில் கனமெல்லாம் கீழ்ப்பாகத்தில் இருக்கும், திரை லேசாக இருக்கும். இதில் மின்கலம், பலகை எல்லாமே திரைக்குள். கனம் மேலே, தாங்குவது பின்னால் நீளும் ஒரு தட்டு. ஸ்டாண்டின் பின்விளிம்பு முழங்காலைத் தாண்டினால் சரிந்துவிடும். கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் பேருந்து குலுங்கி, டேப்லெட் முன்இருக்கையின் அடியில் போய் விழுந்தது. கவர் காப்பாற்றியது. இப்போது ஒரு பரீட்சை அட்டையை மடியில் வைத்து அதன் மேல் நிறுத்துகிறேன். கிளிப் வைத்த அந்த மரஅட்டை இந்தக் கருவிக்கு நான் வாங்கிய மிகப் பயனுள்ள துணைப்பொருள்.

பேருந்தில் தட்டச்சு சிரமம்தான். ஆனால் கீபோர்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினால் இந்தக் கருவியின் அருமை தெரியும். அச்சுக்குப் போகும் முன் வரும் மெய்ப்புகளை 450 கிராம் பலகையில், ஒரு கையில் பிடித்து, மறுகையில் பேனாவால் திருத்துகிறேன். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த ஒன்பது நாளும் கட்டிலருகே இப்படித்தான் ஒரு நாவலின் மெய்ப்பை முடித்தேன். அங்கே லேப்டாப்பை விரிக்க இடமும் இல்லை, மனமும் இல்லை.

திரையும் வேகமும்

10.1 அங்குலத்தில் 1920க்கு 1200 புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 224. சின்ன எழுத்துருவிலும் ‘ஞூ’வின் சுழியும் ‘ணு’வின் வளைவும் பிசிறில்லாமல் தெரிகின்றன. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ‘ன’வும் ‘ண’வும் குழம்பாமல் தெரிவது பெரிய விஷயம். திரையைக் கிடையாக வைத்தால் ஏ4 தாளின் 21 சென்டிமீட்டர் அகலம் அசல் அளவில் அடங்கும், ஆனால் பக்கத்தின் உயரத்தில் பாதிகூடத் தெரியாது. நிமிர்த்திப் பிடித்தால் முழுப்பக்கமும் தெரியும், எழுத்து அசலில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். நான் நிமிர்த்தித்தான் படிக்கிறேன். வெயிலில் கண்ணாடி பிரதிபலிக்கிறது; ஜன்னலோர இருக்கையில் திரையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை உங்கள் எதிர்பார்ப்பை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆங்கில மூலம், மறுபக்கம் தமிழ்க் கோப்பு, பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, இன்னும் இரண்டு மூன்று பக்கங்கள். இதுவரை தடையில்லை. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் 4 ஜிபி ரேம் திணறுகிறது. பின்னால் இருக்கும் பக்கங்களை மறந்துவிட்டு, திரும்பப் போகும்போது புதிதாக ஏற்றுகிறது. பாதி நிரப்பிய ஒரு விண்ணப்பம் எனக்கு அப்படிப் போனது.

சேமிப்பகம் இஎம்எம்சி வகை. ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. மாறி மாறித்தான் செய்யும். ஒரு பெரிய கோப்பு இறங்கும்போது மற்ற வேலைகள் மந்தமாவது அதனால்தான். ரேம், சேமிப்பு இரண்டுமே பலகையில் பற்றவைக்கப்பட்டவை. பின்னால் கூட்ட முடியாது. 4 ஜிபிக்கும் 8 ஜிபிக்கும் இடையே இரண்டாயிரம் மூவாயிரம்தான் வித்தியாசம் என்றால் தயங்காமல் 8 வாங்குங்கள்.

குரோம் ஓஎஸ் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரில் கூகுள் குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்பு அறிவித்தது. அந்தக் கணக்கு அந்தத் தொழில்நுட்பத் தளம் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலுக்கு மிச்சம் எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்குங்கள்.

மின்கலம் என்னைக் கைவிட்டதே இல்லை. பாதி வெளிச்சத்தில் எழுத்து வேலை மட்டும் செய்தால் ஒன்பது மணி நேரம் வருகிறது. உள்ளே இருப்பது சுமார் 27 வாட்-மணி. சாதாரண 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 37 வாட்-மணி. விரயம் போக ஒரு முழு சார்ஜுக்குப் போதும். ஒரே துளை என்பதால், சார்ஜ் போட்டுக்கொண்டே பென்டிரைவ் மாட்ட ஒரு ஹப் வேண்டும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

யாருக்கு?

நிறையப் படித்து, அளவாக எழுதி, அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கல்லூரி மாணவர்களுக்கும் பொருந்தும். வீட்டில் ஒரே கணினியாக வைத்து, பெரிய கணக்குத் தாள்களும் படத்தொகுப்பும் செய்ய வேண்டியவர்கள் இதே பணத்துக்குப் பயன்படுத்திய நல்ல லேப்டாப் ஒன்றைத் தேடலாம். எனக்கு இது நல்ல துணை. என் கழுத்து தேறிவிட்டது. முன்பு வீணான பேருந்து நேரத்தில் மெய்ப்புகள் முடிகின்றன.

இந்த நல்ல கருவியை வடிவமைத்தவர்கள் இடம் பற்றாதபோது எங்கே கத்தரி வைத்தார்கள் என்பதுதான் என் ஒரே ஆதங்கம். அந்த வரைபடத்தின் முன்னால் தமிழில் தட்டுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தால், இடது ஓரத்தின் டேப், தேடல் விசைகளைக் கொஞ்சம் குறுக்கி, ‘ந’வுக்கும் ‘ய’வுக்கும் ஐந்தைந்து மில்லிமீட்டர் கேட்டு வாங்கியிருப்பார்.

அதுவரை கேட்க வேண்டியது நாம்தான். கடைக்குப் போனால் காட்சிக்கு வைத்திருக்கும் கீபோர்டை மாட்டித் தரச் சொல்லுங்கள். அதில் தமிழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ‘செய்ந்நன்றி’, ‘ஞாயிறு’, ‘வாழையிலை’ மூன்றையும் உங்கள் வழக்கமான வேகத்தில் தட்டுங்கள். பிறகு குனிந்து விரல்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். விலைச்சீட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.