பேகன் – கண்ணகி குறித்த புறநானூற்றுப் பாடல்களில் உறவு மீட்பும் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

வையாவிக் கோப்பெரும் பேகனால் துறக்கப்பட்ட கண்ணகியின் பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாடல்கள் (புறம். 143–147) பெரும்பாலும் புலவர்களின் துணிவுக்கும் நல்லெண்ணத்திற்கும் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. முறிந்த மணவுறவை மீட்க முயலும் சந்து மொழிகளாக அவற்றை அணுகும் இக்கட்டுரை, அம்முயற்சியின் சொல்முறைகளையும், பாதிக்கப்பட்டவளின் குரலுக்கு அவற்றில் கிடைத்த இடத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, பேகன், கண்ணகி, குறுங்கலி, பரிசில், சந்து செய்தல், மணமுறிவு.

முன்னுரை

சங்க அகப்பாடல்களில் கணவன் மனைவியரிடையே தோன்றும் பிணக்கு பெயர் சுட்டப்படாத மாந்தரின் பிணக்காகும். அதனைத் தீர்ப்பதற்குரிய வாயில்களாகத் தோழி, தாய், பாணன், விறலி, அறிவர் முதலிய பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் வகுத்துரைக்கிறது. ஊடல் எல்லை கடவாது கூடலில் முடிதல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அம்மரபின் அடியில் உள்ளது. ஆனால் பேகனின் இல்லறம் முறிந்த செய்தி, பெயர் அறியப்பட்ட ஒரு தலைவனின் வாழ்க்கைச் செய்தியாகும். எனவே அது அகத்தினின்று நீங்கிப் புறத்தில் இடம்பெற்றது. தொகுத்தோர் இவ்வைந்து பாடல்களையும் பெருந்திணையின் குறுங்கலித் துறையில் அடக்கினர். குடும்பத்திற்குள் தீராத பிணக்கு ஊரறிந்த செய்தியானபோது அதனை எவ்வாறு பேசுவது என்ற சிக்கலைப் புலவர்கள் எதிர்கொண்டனர். இப்பாடல்களின் உண்மையான அருமை அவர்கள் அதற்குக் கண்ட வழிகளில் உள்ளது.

பாடலும் பாடற்குறிப்பும்

கண்ணகி என்னும் பெயர் இவ்வைந்து பாடல்களின் அடிகளில் எங்கும் இல்லை. பாடல்களின் கீழுள்ள குறிப்புகளே அப்பெயரையும், பேகன் அவளைத் துறந்த செய்தியையும் தருகின்றன. இதனை ஏடு தந்த தகவலாக மட்டும் கருதி மேற்செல்வது பொருந்தாது. பெயர் சொல்லாமை புலவர்கள் கையாண்ட ஒரு நெறியாகவே தோன்றுகிறது.

கபிலர் (143) பேகனின் வாயிலில் நின்று அவனையும் அவன் மலையையும் பாடியபோது, கண்ணீரை அடக்க மாட்டாமல் ஒருத்தி குழல் இரங்குவதுபோல் அழுதாள் என்கிறார். இரங்கத்தக்க அவள் யாரோ என அவனையே வினவுகிறார். கபிலர் அறியாமல் கேட்டார் எனக் கொள்வதற்கில்லை. 'அவள் என் மனைவி' என்ற விடையைப் பேகன் தன் வாயால் சொல்லியாக வேண்டிய நிலையை அவ்வினா உருவாக்குகிறது. குற்றம் சாட்டியிருந்தால் அவன் மறுத்துரைக்கலாம். வினாவிற்கோ விடை தந்தாக வேண்டும். உறவை ஒப்புக்கொள்வதே உறவை மீட்பதன் முதற்படி என்பதைக் கபிலரின் வினா உணர்த்துகிறது.

பரிசில் மறுத்தல்

எஞ்சிய புலவர்களுள் மூவர் கையாளும் உத்தி பரிசிலை மாற்றிக் கேட்பதாகும். பரணர் (145) தாம் பசித்து வரவில்லை என்றும், தமக்குக் காக்க வேண்டிய சுற்றச்சுமை இல்லை என்றும் கூறி, இன்றிரவே தேரேறிச் சென்று துன்பத்தில் உறைபவளின் துயரைக் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழார் (146) அரிய அணிகலனும் செல்வமும் வேண்டா என மறுத்து, தேரில் குதிரைகளைப் பூட்டுமாறு கேட்கிறார். பெருங்குன்றூர் கிழார் (147), எண்ணெய் துறந்த கூந்தல் கழுவப்பெற்றுப் புதுமலர் சூடுமாறு அவன் இன்றே புறப்படுவதே தம் பரிசில் என்கிறார்.

பரிசில் வாழ்க்கையினர் பரிசிலை மறுப்பது எளிய செயலன்று. ஆயினும் இங்கு அதனைத் தன்னலமின்மை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. கேட்டவர்க்கு இல்லையென்னாத வள்ளல் என்பதே பேகனின் புகழ். அப்புகழைக் காத்துக்கொள்ள விரும்பினால் அவன் இவ்வேண்டுகோளையும் மறுக்க இயலாது. அறவுரை நுழைய முடியாத இடத்தில் அவனது கொடைப்பெருமிதமே வாயிலாகிறது.

பரணரின் பாடல் மேலும் ஒருபடி செல்கிறது. மயில் குளிரால் நடுங்கும் என இரங்கிப் போர்வை ஈந்த செயலால் அப்பாடல் பேகனை விளிக்கிறது. புகழுரையாகத் தொடங்கும் அவ்விளி, நடுங்கும் மற்றோர் உயிரை நினைவூட்டுகையில் இடித்துரையாகிவிடுகிறது. அடுத்த பாடலில் அரிசில் கிழார் அவளது கூந்தலை மயில் தோகையோடு உவமிப்பதும் இங்கு எண்ணத்தக்கது. மயிலுக்குக் கிடைத்த அருள் மயிலன்னவளுக்குக் கிடைக்கவில்லை என்ற முரணை இரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் எளிதில் உணர்வர்.

கண்ணகியின் மறுமொழி

இத்தகைய நுட்பங்களுக்கு இடையில் ஒரு குறை உள்ளது. ஐந்து பாடல்களிலும் கண்ணகி கண்ணீராகவும் கலைந்த கூந்தலாகவும் தனிமையாகவும் காட்டப்படுகிறாள். அவளது துயர் தீர்வதற்கு அடையாளமாக அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் நறும்புகையும் மலரும் ஏறிய கூந்தலையே காட்டுகின்றனர். கணவன் திரும்புவதை அவள் விரும்புகிறாளா, எந்நிலையில் விரும்புகிறாள் என்னும் வினாக்கள் எழவில்லை.

இதற்கு விலக்காக அமைவது பரணரின் மற்றொரு பாடல் (144). மாலைப்பொழுதில் செவ்வழிப்பண் இசைத்துப் பேகனின் காட்டைப் பாடியபோது அழுதுநின்றவளிடம், எம் நட்பை விரும்பும் பேகனுக்கு நீ உறவினளோ எனப் புலவரே வினவுகிறார். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாம் அவனுக்கு உறவினர் அல்லர் என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் நாள்தோறும் முல்லை வேலி சூழ்ந்த ஊருக்குத் தேரில் வருவதாகப் பேசிக்கொள்கின்றனர் என்கிறாள். கண்ணகி பேசுவதாக அமைந்த பாடல் இது ஒன்றே.

இம்மறுமொழி ஊடற்கூற்றாகவே எளிதில் கொள்ளப்படும். எனினும் இரு கூறுகள் தனித்து நோக்கத்தக்கவை. முதலாவது, உறவை மறுக்கும் சொல் துறக்கப்பட்டவளிடமிருந்தே வருகிறது. துறந்தவனின் செயலுக்கு அவள் சொல்வடிவம் தருகிறாள். செயலால் அவன் முறித்த உறவைத் தான் மட்டும் சொல்லால் தாங்கிக்கொண்டிருக்க அவள் மறுக்கிறாள். இரண்டாவது, மற்றவளைப் பழித்துரைக்காமல் 'தன்னைப் போன்றவள்' என்றே சுட்டுகிறாள். இன்று அவளுக்கு நேர்வது தனக்கு முன்பு நேர்ந்தது என்ற அறிதலும், தனக்கு இன்று நேர்ந்தது அவளுக்கும் நேரலாம் என்ற குறிப்பும் அதில் அடங்கியுள்ளன. இப்பாடலைப் பரணர், அருளாதிருத்தல் கொடிது எனத் தொடங்குவதும் பொருத்தமுடையதே. அவளை வினவிக் கேட்ட பாடலே ஐந்தனுள் மிகக் கடுமையான தொடக்கத்தைக் கொண்டுள்ளது.

பிள்ளைகளை முன்வைத்த சந்து

பேகன் பாடல்களில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே இல்லை. இவ்வின்மையை உணர வேறு இரு பாடல்கள் உதவும். கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர்மேல் போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் (புறம். 213), நீ மறைந்தபின் இவ்வரசு அவர்க்கே உரியது, அவர் தோற்றால் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் பகைவரன்றோ மகிழ்வர் என்கிறார். தந்தை மக்கள் பிணக்கில் உரிமையும் பழியும் வாதங்களாகின்றன. சாகலாசனாரின் அகப்பாடலிலோ (அகம். 16) தேர் வழங்கும் தெருவில் தனித்து நின்ற மகனைத் தழுவிய பரத்தையிடம், நீயும் இவனுக்குத் தாயே எனத் தலைவி கூறுகிறாள். கணவன்மீதுள்ள சினத்திற்கு மகனைக் கருவியாக்காத பெருந்தன்மையும், பரத்தையைத் தலைகுனிய வைக்கும் கூர்மையும் அச்சொல்லில் ஒருங்கே உள்ளன.

வாரிசுரிமையோ புதல்வனின் முகமோ துணைநில்லாத நிலையில் கண்ணகிக்காகப் பேசுவோர் அருளை மட்டுமே முன்வைக்க முடிந்தது. மணவுறவு தன்னளவில் மதிக்கத்தக்கது என்று வாதிட்ட வகையில் அது அப்பாடல்களின் வலிமையாகும். அவ்வருள் முற்றிலும் கணவனின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது அவற்றின் எல்லையாகும்.

இக்காலப் பொருத்தம்

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 9ஆம் பிரிவில், தக்க காரணமின்றி விலகிய துணையை மீண்டும் சேர்ந்து வாழுமாறு கோரும் உரிமையை அளிக்கிறது. 1983இல் ஆந்திர உயர்நீதிமன்றம் இப்பிரிவைத் தனிமனித உரிமைக்கு மாறானது எனச் செல்லாததாக்கியது; 1984இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. அதே 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், இயலுமிடத்து முதலில் இணக்கத்திற்கு முயலுமாறு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. புலவர்க்கு ஆணையிடும் ஆற்றல் இல்லை, நீதிமன்றத்திற்கு உண்டு. ஆயினும் சேர்த்துவைத்தலே சந்தின் வெற்றி எனக் கருதும் மனநிலை இரண்டிடத்தும் நேரக்கூடியது. சேரவேண்டியவர் இருவரையும் தனித்தனியே கேட்ட பின்னரே சேர்த்துவைத்தலைப் பற்றிப் பேச முடியும் என்பதற்கு 144ஆம் பாடல் பழைய சான்றாக நிற்கிறது.

முடிவுரை

பேகன் திரும்பினானா என்பதை இப்பாடல்கள் கூறவில்லை. எனவே இவற்றை வெற்றி பெற்ற அறிவுரைகளாகக் காட்டுவதற்குப் பாடலகச் சான்று இல்லை. உறவை ஒப்புக்கொள்ளச் செய்யும் வினா, புகழையே கடமையாக்கும் பரிசில் வேண்டல், பழிக்காமல் இடித்துரைக்கும் விளி ஆகியன இவற்றின் சந்து முறைகளாகும். துறக்கப்பட்டவளின் சொல்லைக் கேட்டது ஒரு பாடல் மட்டுமே. அச்சொல்லும் உறவை மறுப்பதாக அமைந்தது. குடும்ப உறவுகளைப் பேணும் மரபுக்குச் சான்றாக இப்பாடல்களைப் பயிற்றுவிக்கும்போது நான்கு புலவர்களின் வேண்டுகோளோடு அவளது மறுமொழியையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும். அவளை நீக்கிவிட்டுப் படித்தால் எஞ்சுவது ஒரு வள்ளலின் புகழை மீட்ட கதையே.