கேள்வியிலிருந்து ஆறுதலுக்கு: எரிக் எமானுவேல் ஷ்மித்

மெய்யியலாளர்கள் நாடகம் எழுதுவது பிரான்ஸில் புதினமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் திதெரோ எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் சார்த்தர் எழுதினார். அந்தத் திதெரோ குறித்தே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர் 1960இல் பிறந்த எரிக் எமானுவேல் ஷ்மித். மெய்யியல் விரிவுரையாளராக இருந்து 1991இல் அரங்கிற்கு வந்தார். 1989இல் அல்ஜீரியாவின் ஹொகார் பாலைவனத்தில் வழிதவறிக் கழித்த ஓரிரவே தன்னை இறைநம்பிக்கையின்பால் திருப்பியது என்பது அவரது வாக்குமூலம்.

ஆயினும் அவரை உலகறியச் செய்த 'விருந்தாளி' (1993) நம்பிக்கையின் பிரசாரமன்று. 1938, நாஸிகள் கைப்பற்றிய வியன்னா. ஃப்ரொய்டின் மகளைக் கெஸ்டாபோ விசாரணைக்குக் கொண்டுசென்றிருக்கும் இரவில், முன்பின் அறியாத ஒருவன் அவர் அறைக்குள் வருகிறான். அவன் கடவுளா, மனநோயாளியா? பிரதி தீர்ப்புச் சொல்வதில்லை. கடவுளை மறுத்தவர், உறுதியாக மறுக்கவும் ஏற்கவும் இயலாமல் தவிப்பதே நாடகம். இங்கு மெய்யியல் கேள்வியாகவே உயிர்வாழ்கிறது.

'மொஸ்யோ இப்ராஹீமும் குர்ஆனின் மலர்களும்' நமக்கு நெருக்கமான படைப்பு. 2001இல் நூலாகவும், 2003இல் பிரான்சுவா துப்பெய்ரோனின் நெறியாள்கையில் திரைப்படமாகவும் வந்தது. இப்ராஹீமாக நடித்த ஒமர் ஷரீபுக்கு 2004இல் சீஸர் விருது கிடைத்தது. பரிஸின் ப்ளூ வீதியில் சில்லறைக் கடை நடத்தும் முதியவர், தாயில்லாத வீட்டில் வளர்ந்து பின்னர் தந்தையாலும் கைவிடப்பட்ட யூதச் சிறுவன் மோமோவைத் தத்தெடுக்கிறார். முஸ்லிம் என்றாலே ஐயத்துடன் நோக்கிய காலத்தில் இக்கதை பெற்ற வரவேற்பு புரிந்துகொள்ளத்தக்கது. துருக்கியரான அவரை வீதியே 'அராபி' என்கிறது. இரவிலும் ஞாயிறிலும் கடை திறந்திருப்பவன் என்பதே அங்கு அச்சொல்லின் பொருள் என அவர் விளக்குமிடம், குடியேறியவரின் நிலையை நகைச்சுவையாய்த் தைக்கும் அருமையான இடம்.

ஆனால் அந்த இப்ராஹீமுக்குள் போராட்டமே இல்லை. மது அருந்துவது ஏன் எனச் சிறுவன் வினவும்போது, தான் ஸூபி என்பதே விடையாகிவிடுகிறது. பல நூற்றாண்டுக் கால ஆன்மிகத் தேடல் இங்கு ஒரு சலுகைச் சீட்டாகச் சுருங்குகிறது. அவரது குர்ஆனுக்குள் இறுதியில் மோமோ கண்டெடுப்பவை உலர்ந்த மலர்களும் ஒரு கடிதமுமே. வேதம் வாசிக்கப்படவில்லை, மணக்கிறது. ஃப்ரொய்டுக்குக் கிடைத்த ஐயத்தின் கண்ணியம் இப்ராஹீமுக்கு மறுக்கப்பட்டதேன்? தன் சமூகத்து மனிதனைச் சிக்கலுள்ளவனாகப் படைத்த ஷ்மித், பிறிதொரு சமூகத்தவனை நல்லவனாக மாத்திரமே கண்டார். வெறுப்பைப் போலவே அளவுகடந்த அன்பும் மனிதனைத் தட்டையாக்கிவிடும்.

பின்னர் ஷ்மித் தாமே நெறியாண்ட 'ஒடெத் தூல்மோந்' (2007) இத்தகைய விமர்சனங்களுக்கான பதில் எனலாம். விமர்சகரால் கிழித்தெறியப்பட்ட ஒரு நாவலாசிரியரை, அவர் நூல்களால் வாழ்வில் ஒளிபெற்ற ஒரு விற்பனைப் பெண் மீட்டெடுக்கிறாள். ஆறுதல் தரும் எழுத்து இழிவானதல்ல என்பது அவர் வாதம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறுதலும் கேள்வியும் பகையல்ல என்பதை 'விருந்தாளி'யில் நிறுவியவரும் அவரே. அவரை அளக்க நாம் வேறு அளவுகோல் தேடவேண்டியதில்லை.