சதுப்பின் சாட்சியம்

ஒரு கவிதை எந்தத் தகவலின் மீது நிற்கிறதோ அந்தத் தகவல் பொய்த்துப் போகுமானால் கவிதைக்கு என்ன நேர்கிறது? கவிதையின் உண்மை வேறு, தகவலின் உண்மை வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்வோம். ஸீமஸ் ஹீனியின் 'பனிஷ்மென்ட்' - தண்டனை - என்ற கவிதை விஷயத்தில் இந்தப் பதில் போதும் என்று எனக்குப் படவில்லை. ஏனெனில் அக்கவிதை தகவலை வெறும் தூண்டுதலாக எடுத்துக்கொள்ளவில்லை; சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறது.

முதலில் சாட்சியைக் காப்பாற்றி வைத்த மண்ணைப் பற்றி. வடமேற்கு ஐரோப்பாவின் குளிர்ந்த சதுப்புகளில் ஸ்ஃபாக்னம் என்னும் பாசி தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, செத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து 'பீட்' ஆகிறது. வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். காற்றுப் புகாத, அமிலம் மிகுந்த அந்த நீரில் பிணத்தை அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுவதில்லை. பாசியிலிருந்து கசியும் பொருள்கள் உடம்பின் தோலை மாட்டுத்தோல் போலப் பதனிட்டுவிடுகின்றன. தலைமயிர் செம்பட்டையாகிறது. எலும்பின் சுண்ணாம்போ கரைகிறது. எலும்பைக் கரைத்துவிட்டு முகத்தை வைத்துக்கொள்ளும் மண்.

1950 மே மாதம் டென்மார்க்கில் ஸில்க்கபோர் நகரத்துக்கு அருகே பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியொரு முகத்தைக் கண்டார்கள். தாடியில் குறுமயிர் தெரிந்தது. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் செத்து ஏறக்குறைய 2,400 வருஷங்கள் ஆகியிருந்தன. தலையில் தோல் குல்லாய், கழுத்தில் பின்னிய தோல்சுருக்கு. 'டோலன்ட் மனிதன்' என்று இன்று அறியப்படுபவன் இவன்தான். மியூஸியத்தில் இவனைப் பார்ப்பவர்கள் பார்ப்பது அசல் தலையை மட்டுமே. கீழே உள்ள உடல் பின்னால் செய்து பொருத்தப்பட்டது. இந்தச் சிறு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சதுப்பு உடல்களைப் பற்றிய கதைகளும் இப்படித்தான்: தலை கிடைத்திருக்கும், உடம்பை நாம் செய்து வைத்திருப்போம்.

டேனிஷ் தொல்லியலாளர் பி.வி. க்ளோப் இந்த உடல்கள் குறித்து 1965-ல் எழுதிய நூல், 1969-ல் இங்கிலீஷில் வந்தது. அதே வருஷம் வட அயர்லாந்தின் தெருக்களில் ரத்தம் சிந்தத் தொடங்கியிருந்தது. டெரி மாவட்டத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹீனிக்கு பீட் என்பது புஸ்தகத்தில் தெரிந்துகொண்ட பொருளல்ல, வீட்டு அடுப்பில் எரிந்தது. க்ளோபின் நூலில் இருந்த புகைப்படங்கள் அவருக்கு ஒரு வழியைத் திறந்தன. கண்ணெதிரே நடக்கும் கொலைகளைப் பத்திரிகைச் செய்தியாகவோ கட்சிக் கோஷமாகவோ அல்லாமல் பேச ஒரு படிமம் கிடைத்தது. 1972-ல் வந்த 'வின்டரிங் அவுட்' தொகுதியில் டோலன்ட் மனிதன் வருகிறான். 1975-ல் வந்த 'நார்த்' தொகுதியில் இன்னும் சிலர். அவர்களில் ஒருத்தி 'பனிஷ்மென்ட்' கவிதையின் பெண்.

அவளுடைய உடல் 1952-ல் வட ஜெர்மனியின் விண்டபி என்ற இடத்தில் கிடைத்தது. அதே சதுப்பில், சற்றுத் தள்ளி, ஓர் ஆணின் உடல். பெண்ணின் தலை ஒரு பக்கம் மழித்தது போல் இருந்தது. கண்களின் மேல் நெய்த பட்டி. ரோமானிய சரித்திரக்காரன் டாஸிடஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியர் பற்றி எழுதியதில், சோரம்போன மனைவியின் மயிரை அறுத்து அடித்து விரட்டுவார்கள் என்று ஓரிடத்திலும், இழிந்த குற்றம் செய்தவர்களைச் சேற்றில் அமிழ்த்துவார்கள் என்று வேறோரிடத்திலும் சொல்கிறான். இரண்டையும் இரண்டு உடல்களோடு சேர்த்ததும் கதை தயாராகிவிட்டது: கள்ளக்காதல், மொட்டை, கண்கட்டு, மூழ்கடிப்பு.

ஹீனி இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் சிப்பாய்களோடு பழகியதற்காக மயிரை வெட்டி, தார் பூசி, தெருவில் கட்டிவைக்கப்பட்ட வட அயர்லாந்துப் பெண்களின் பக்கத்தில் வைக்கிறார். பேசுகிறவன் அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் கொள்கிறான். ஏறக்குறையக் காதலே கொள்கிறான். ஆனால், தானும் அன்று அங்கே இருந்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டேன் என்கிறான். நாகரிகமாகக் கோபப்படும் அதே நேரத்தில், தன் கூட்டத்தின் பழிவாங்கல் தனக்குப் புரிகிறது என்றும் சொல்கிறான்.

விண்டபியின் பெண் பெண்ணல்ல என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஹெதர் கில்-ராபின்ஸன் என்ற ஆய்வாளர் மறுபடி பரிசோதித்ததில், அது சுமார் பதினாறு வயதுப் பையனின் உடல் என்று ஆயிற்று. எலும்பில் வளர்ச்சி தடைப்பட்ட கோடுகள். நோயோ பசியோ அவனைப் பலமுறை வாட்டியிருக்கிறது. கண்கட்டு, தலைமயிரைக் கட்டிய பட்டி நழுவி இறங்கியதாக இருக்கலாம். மழித்த தலை, மயிர் ஒரு பக்கம் மட்டும் அழிந்ததன் விளைவாக இருக்கலாம். 'காதலன்' அவனுக்குச் சுமார் 300 வருஷம் முந்தியவன். தண்டனை நடந்ததற்கு ஆதாரமே இல்லை. ஒரு பையன் நோயில் செத்திருக்கிறான், அவனைப் புதைத்திருக்கிறார்கள்.

1975-ல் இதெல்லாம் ஹீனிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. அவரைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் உடலைச் சோதிக்காமலே இந்தக் கட்டுமானத்தில் ஏதோ தவறு இருக்கிறது என்று அன்றே ஒருவர் சொன்னார். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த 'தி ஆனஸ்ட் அல்ஸ்டர்மன்' என்ற சிறுபத்திரிகையில் 'நார்த்'துக்கு மதிப்புரை எழுதிய கியரன் கார்ஸன். அப்போது அவர் தன் முதல் தொகுதியை இன்னும் வெளியிடாத இளம் கவிஞர். ஆதிகாலச் சடங்குக் கொலையையும் இன்றைய அரசியல் கொலையையும் ஒன்றாக்கினால், இன்றைய கொலை பருவம்போல் திரும்பத் திரும்ப வரும் இயற்கை நியதியாகிவிடும், செய்தவனும் காரணமும் மறைந்துவிடுவார்கள் என்பதே அவர் ஆட்சேபத்தின் சாரம். லண்டன் பத்திரிகைகள் 'நார்த்'தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு சிறுபத்திரிகை எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மதிப்புரையைக் காட்டலாம். நம்மிடையே 'தொன்மம்' என்ற சொல் ஒரு பாராட்டாக மட்டுமே புழங்குகிறது. தொன்மம் ஒன்றைத் துலக்கும்போதே இன்னொன்றை மூடவும் செய்யும் என்பதைக் கார்ஸன் கண்டார்.

மூடப்பட்டது என்ன? ஹீனி டென்மார்க்கின் சதுப்பைப் பார்த்து எழுதிய அதே வருஷங்களில் அயர்லாந்தின் சதுப்புகளிலும் ஆட்கள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஐ.ஆர்.ஏ. கொன்று ரகசியமாகப் புதைத்த 'காணாமற்போனவர்கள்'. அவர்களைத் தேடுவதற்கென்று பிரிட்டிஷ், ஐரிஷ் அரசுகள் சேர்ந்து 1999-ல் ஒரு கமிஷன் அமைத்தன. 1972-ல் காணாமற்போன இரண்டு இளைஞர்களின் எச்சங்கள் 2015-ல், மீத் மாவட்டத்தில், நீர் வடித்துப் பண்படுத்தப்பட்ட ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்தன. இவர்களைத் தேடிய குடும்பங்களுக்கு பீட் படிமம் அல்ல. அங்கே எந்த தேவதையும் பலி கேட்கவில்லை. ஆணையிட்டவர்கள் இருந்தார்கள், வண்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள், குழி வெட்டியவர்கள் இருந்தார்கள், தெரிந்தும் பேசாதிருந்தவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் கவிதை மீண்டும் எழுந்து நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. 'பனிஷ்மென்ட்'டில் விழுந்துபோனது பண்டைய பெண்ணும் அவளைக் கொண்டு நிறுவப்பட்ட காலங்கடந்த நியதியும். விழாதது, வாய் திறக்காமல் நின்றவனின் வாக்குமூலம். அதற்கு விண்டபியின் சாட்சியம் வேண்டியதில்லை. டெரியில், பெல்ஃபாஸ்டில் வாழ்ந்தது போதும். ஹீனியும் பிறகு அந்த நியதியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1994 போர் நிறுத்தத்துக்குப் பின் டோலன்ட் பற்றி மறுபடி எழுதியபோது அந்த இடம் பலிபீடமாக இல்லை. சாலையும் வயலும் பெயர்ப்பலகையும் உள்ள சாதாரண நாட்டுப்புறமாக இருந்தது. 2006-ல் வந்த தொகுதியில் டோலன்ட் மனிதனே எழுந்து நடக்கிறான், பேசுகிறான். முப்பது வருஷ இடைவெளியில் ஒரு கவி தன் படிமத்தைத் தானே விடுவித்த காரியம் இது. 'நார்த்'தைப் புகழ்பவர்கள் இதைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு உறுத்தல் மிஞ்சுகிறது. குற்றம் செய்து தண்டிக்கப்பட்டவளாக இருந்தவரை அந்த உடலுக்கு ஒரு கவிதை கிடைத்தது. குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை, நோஞ்சானாக வளர்ந்து பதினாறு வயதில் செத்த பையன்தான் என்று ஆனபிறகு அவனுக்கு ஆய்வறிக்கை மட்டுமே. பரிதாபப்படுவதற்குக் கூட நமக்கு ஒரு கொலை வேண்டியிருக்கிறது.