கூச்சலும் கொறடாவும்

நாடாளுமன்றத்தில் அமளி என்றால் நம் பத்திரிகைகளுக்கு நாலே நாலு சொல்தான் தெரியும்: சந்தைக்கடை, மீன் மார்க்கெட், தெருச்சண்டை, கூத்து. தலையங்கம் எழுதுகிறவர் இந்த நாலையும் மாற்றி மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. கடைசியில் 'மாண்பு போச்சு, மரபு போச்சு' என்று ஒரு ஒப்பாரி. அந்த ஒப்பாரியும் நம்மிடம் வாங்கியதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

இந்தச் சொற்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. மீன் மார்க்கெட்டில் கத்துகிறவள் யார்? விடியுமுன் கூடை தூக்கிப் போய், வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய பெண். அவள் கத்துவது வேலை நடப்பதற்காக. டெல்லியில் கத்துகிறவர் பெரும்பாலும் வேலை நடக்காமல் இருப்பதற்காகக் கத்துகிறார். கூத்துக் கட்டுகிறவரோ ராத்திரி முழுக்கக் கண் விழித்து, சொன்ன கதையை விடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டுத்தான் அரிதாரம் கலைக்கிறார். நாடாளுமன்றத்தைக் கூத்து என்று சொல்வதில் அவமானம் கூத்துக்குத்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கூச்சலுக்கு எதிரான ஆள் இல்லை. கூச்சல் போடாமல் எந்தச் சேரிக்கும் தண்ணீர்க் குழாய் வந்ததில்லை, சுடுகாட்டுக்குப் பாதை கிடைத்ததில்லை. என் கேள்வி வேறு. அந்தச் சபையில் எழும் கூச்சல் யாருடையது? அது எதை மறைக்கிறது?

மாண்பு பேசுகிறவர்களின் ஒப்பாரிக்கு அடியில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. ஒரு காலத்தில் படித்த கனவான்கள் அமைதியாக உட்கார்ந்து விவாதித்தார்களாம். அப்புறம் கண்டவனெல்லாம் உள்ளே வந்தானாம், சபை கெட்டுப்போச்சாம். கண்டவன் யார் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நமக்குத் தெரியாதா என்ன? சரி, அந்தப் பொற்காலத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

1951 செப்டம்பர். பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தர வந்த இந்துச் சட்ட மசோதா, நாலு பிரிவுகள் நிறைவேறிய நிலையில் கைவிடப்பட்டது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் செப்டம்பர் 27 அன்று நேருவுக்கு விலகல் கடிதம் கொடுத்தார். அக்டோபர் 11 அன்று, தாம் ஏன் விலகுகிறோம் என்பதைச் சபையில் சொல்ல எழுந்தார். தலைமை வகித்த துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார், அறிக்கையின் படியை முன்கூட்டியே தர வேண்டும் என்றார். அந்தக் கட்டளைக்குப் பணிய மறுத்து அம்பேத்கர் வெளியேறினார். அறிக்கையைப் பத்திரிகைகளுக்குத்தான் கொடுத்தார். இந்துச் சட்ட மசோதாவின் சாவு மட்டுமல்ல, அட்டவணைச் சாதியினர் புறக்கணிக்கப்படுவதும் அதில் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது.

மேசை உடையவில்லை. காகிதம் கிழியவில்லை. எல்லாம் விதியின் பேரால், ஒழுங்கின் பேரால் நடந்தது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், தன் கடைசி வார்த்தையை அந்தச் சபையில் சொல்லாமலே வெளியே போனார். பொற்காலத்தின் லட்சணம் இது. ஆகவே அமைதிதான் ஜனநாயகம் என்று நம்மிடம் யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இனி கூச்சலுக்கு வருவோம்.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தின் பதவி உயர்வு இடஒதுக்கீட்டை ரத்து செய்தது. அதைச் சரிசெய்ய 117ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா வந்தது. செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் மசோதாவை வைக்கும்போதே சமாஜ்வாதி கட்சியின் நரேஷ் அகர்வாலும் பகுஜன் சமாஜ் கட்சியின் அவதார் சிங் கரீம்புரியும் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மசோதாவில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

டிசம்பர் 7 அன்று, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய வாக்கெடுப்பு மாநிலங்களவையில் நடந்தது. பகுஜன் சமாஜ் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது, சமாஜ்வாதி வெளிநடப்புச் செய்தது. பத்தே நாளில், டிசம்பர் 17 அன்று, பதவி உயர்வு மசோதா 206க்கு 10 என்ற கணக்கில் அங்கே நிறைவேறியது. காங்கிரசும் பா.ஜ.க.வும் சேர்ந்து போட்ட வாக்குகள்! அடடா, என்ன கரிசனம் என்றுதான் தோன்றும்.

டிசம்பர் 19. மசோதா மக்களவைக்கு வந்தது. அமைச்சர் நாராயணசாமி கையிலிருந்த காகிதத்தை சமாஜ்வாதி உறுப்பினர் ஒருவர் பாய்ந்து பிடுங்கினார். சோனியா காந்தி அதைத் திரும்பப் பறிக்கப் போனார். தள்ளுமுள்ளு, ஒத்திவைப்பு. பிடுங்கியவர் பெயர் யஷ்வீர் சிங். தொகுதி நகீனா. நகீனா ஒரு தனித்தொகுதி.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தலித்துகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து வந்தவர், தலித் ஊழியர்களின் உரிமைக்கான காகிதத்தைப் பிடுங்குகிறார். ஊடகங்கள் இதை 'அநாகரிகம்' என்று எழுதின. யார் கை என்பதை விட்டுவிட்டு, கை நீண்டதைப் பற்றி மட்டும் பேசின. பிடுங்க ஆதிக்க சாதி உறுப்பினர்கள் அந்தக் கட்சியில் இல்லாமலா போனார்கள்? நம்ம வீட்டுக் கூரையைப் பிரிக்க நம்ம ஆளையே ஏணி ஏற்றிவிடுவது ஊருக்குப் பழக்கமான வித்தை.

அந்த மசோதா மக்களவையில் நிறைவேறாமலே கிடந்தது. 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது. 206 வாக்கு போட்டவர்கள் யாரும் அதற்காக ஒரு நாள் சபையை முடக்கவில்லை. அடுத்து வந்த பா.ஜ.க. ஆட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை.

இதே சபையின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி 8 அன்று 124ஆவது திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. 'பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு' 10 விழுக்காடு. அந்த நலிந்தோரில் நாம் கிடையாது. இடஒதுக்கீடு பெறும் பிற்படுத்தப்பட்டோரும் கிடையாது. அன்றைக்கே நிறைவேறியது: 323க்கு 3. மறுநாள் மாநிலங்களவை: 165க்கு 7. ஜனவரி 12 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். யாரும் காகிதத்தைப் பிடுங்கவில்லை. ஜென்மப் பகை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த கட்சிகள் ஒரே பக்கம் நின்றன. பதவி உயர்வு மசோதாவுக்குப் பதினேழு மாதம் போதவில்லை, இதற்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. கட்சிச் சண்டை எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நின்றுபோகிறது என்பதைப் பார்த்தால்தான் அந்தச் சபையின் சாதி தெரியும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு நினைவிருக்கும். அவையில் சொல்லக் கூடாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். மலம் கழுவி வந்தேன் என்று சொல்லாமல் கால் கழுவி வந்தேன் என்பது உதாரணம். வகுப்பில் இதைப் படிக்கும்போது, அந்த மலத்தை அள்ளுகிறவர் எந்த வழக்கில் பேசுவார் என்று யாரும் கேட்டதில்லை. பதில் 2021இல் டெல்லியில் கிடைத்தது.

அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடர் முழுக்க பெகாசஸ் உளவு விவகாரத்தில் அமளி. ஜூலை 22 அன்று மாநிலங்களவையில் திரிணாமுல் உறுப்பினர் ஒருவர் அமைச்சரின் அறிக்கையைப் பிடுங்கிக் கிழித்தார். அது தலைப்புச் செய்தி. அதே அவையில் ஜூலை 28 அன்று எழுத்துமூலம் ஒரு பதில் வந்தது: கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. பதில் தந்தவர் இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே, தலித் பேந்தர் இயக்கத்திலிருந்து வந்தவர். ஆகஸ்டில் இன்னொரு கணக்கும் வந்தது: கழிவுநீர்க் குழிகளையும் மலத்தொட்டிகளையும் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள் 941 பேர். அதில் அதிகம் நம் தமிழ்நாடு.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதையும் 'ஆபத்தான துப்புரவு' என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அந்த இடுக்கில் 941 பிணங்களையும் செருகிவிட்டார்கள். தொட்டிக்குள்ளே விஷவாயு, சபைக்குள்ளே இடக்கரடக்கல். கிழிந்த காகிதம் செய்தியானது. கிழியாத காகிதத்தில் நம் சாவு அழிக்கப்பட்டது.

இப்போது 2024 டிசம்பர். அரசியல் சட்டத்தின் 75ஆம் ஆண்டு விவாதம். 17ஆம் தேதி மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, அம்பேத்கர் பெயரைச் சொல்வது ஒரு நாகரிகமாகிவிட்டது, அத்தனை முறை கடவுள் பெயரைச் சொல்லியிருந்தால் ஏழு பிறவிக்கும் சொர்க்கம் கிடைத்திருக்கும் என்கிற விதமாகப் பேசினார். 19ஆம் தேதி எதிர்க்கட்சியினர் நீல உடையில் வந்தார்கள். காங்கிரஸ்தான் அம்பேத்கரை அவமதித்தது என்று பா.ஜ.க.வினரும் பதாகை பிடித்து நின்றார்கள். மகர வாயிலில் மோதல். பா.ஜ.க. உறுப்பினர்கள் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், மல்லிகார்ஜுன கார்கே தன்னைத் தள்ளியதாகப் புகார் சொன்னார், ராகுல் காந்தி மீது வழக்குப் பதிவானது. யார் யாரைத் தள்ளினார்கள் என்பதே விவாதமாகிப் போச்சு. அம்பேத்கர் இரு தரப்புக்கும் நடுவில் சட்டம் போட்ட படமாக நின்றார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது மாணவர்கள் என்னோடு மல்லுக்கு நின்றார்கள். ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, அவமதிச்சவங்கள எதுத்து இத்தன பேர் நீலத்துல நின்னாங்களே, அதுவும் தப்பா? அம்பது வருஷத்துக்கு முன்னாடி அவரு படத்த எவன் தூக்கினான்?" நியாயமான கேள்வி. அந்தப் பெயரைத் தொடாமல் இன்று எந்தக் கட்சியும் பிழைக்க முடியாது என்பது நம் மக்களின் வெற்றி, கட்சிகள் போட்ட பிச்சை இல்லை. அமித் ஷாவின் பேச்சுக்கு எதிராகத் தெருவில் இறங்கியதும் சரிதான். சொர்க்கத்தை மறுத்து 1956இல் பவுத்தம் தழுவியவரிடம் சொர்க்கக் கணக்கு காட்டுவது திமிர்.

ஆனால் படம் தூக்கிய இரு பக்கமும் கேட்காத கேள்வியைத்தான் நான் கேட்கிறேன். 2014இல் செத்த மசோதாவை மீட்போம் என்று எந்தப் பதாகையிலாவது எழுதியிருந்ததா? மலக்குழிச் சாவுக்குப் பொறுப்பு யார் என்று இருந்ததா? அவமதிப்பு என்பது ஒரு பேச்சோடு முடிகிற விவகாரமா, அல்லது அவர் 1951இல் எழுதிக் கொடுத்த காரணங்கள் இன்னும் அப்படியே இருப்பதா?

இதற்கெல்லாம் நம் உறுப்பினர்களின் கோழைத்தனம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேர் 1932இல் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடியது, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71லிருந்து 148 ஆயின, தனி வாக்காளர் தொகுதி போனது. இன்றைக்கு மக்களவையின் 543 இடங்களில் 84 நமக்கு. ஆனால் நம் வாக்கை மட்டும் வைத்து அங்கே ஜெயிக்க முடியாது. சீட்டு கட்சி தருவது, வெற்றி ஊர் தருவது. பூனா ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 1982இல், கான்ஷி ராம் 'சம்ச்சா யுகம்' என்று நூல் எழுதியது இந்த எடுபிடிப் பிரதிநிதித்துவத்தைப் பற்றித்தான்.

அதன் மேல் 1985இல் இன்னொரு பூட்டு விழுந்தது. கட்சித்தாவலைத் தடுக்க என்று பத்தாவது அட்டவணை வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். கொறடா என்றாலே சாட்டைதான். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் பட்ட நம் முன்னோருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பேசும் நேரத்தைப் பிரித்துத் தருவதும் கட்சிதான். தனிநபர் மசோதா கொண்டுவரலாம் என்பார்கள். அப்படி வந்து இதுவரை சட்டமானவை 14தான், கடைசியாக ஆனது 1970இல். பூனாவில் கட்டிய கையை, பத்தாவது அட்டவணையில் வாயோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்படிக் கட்டுண்டவருக்கு மிஞ்சுவது தொண்டை மட்டும்தான். கட்சி கத்தச் சொன்னால் கத்துவார், பிடுங்கச் சொன்னால் பிடுங்குவார்.

ஆகவே 'சபையில் ஒழுங்கு வேண்டும்' என்ற கோரிக்கையில் நமக்குப் பங்கு இல்லை. அரசு பிழைக்குமா கவிழுமா என்ற வாக்கெடுப்பு தவிர மற்றதில் கொறடா கூடாது என்று கேட்க வேண்டும். குறைந்தபட்சம் அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர் உரிமை பற்றிய மசோதாக்களில் 131 தனித்தொகுதி உறுப்பினர்களுக்கும் மனச்சாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை வேண்டும். இதை எந்தக் கட்சியும் தானாகத் தராது என்பதும் தெரியும்.

அதுவரை நம்மால் முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏழு தனித்தொகுதிகள். அந்த ஏழு பேரும் என்ன கேள்வி கேட்டார்கள், எதற்கு வாக்களித்தார்கள், எந்தப் பதிலைக் கேட்டுச் சும்மா இருந்தார்கள் என்று தொகுதிக்கு ஒரு நோட்டுப் போட்டு மாணவர்கள் எழுதட்டும். அவைக்குறிப்புகள் ரகசியமில்லை, நாம்தான் படிப்பதில்லை. ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட எம்.பி. வருவார். வரட்டும், மரியாதையாகவே வரவேற்போம். மாலையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வரியாக வாசித்துப் பதில் கேட்போம்.