முசிறி மிளகும் தலைவியின் கண்ணீரும்

எகிப்து, மெசொப்பொத்தேமியா முதலிய நாடுகளின் தொன்மையை விளக்கிய அகழ்வாராய்ச்சி, நாம் வாழும் இச்சேர நாட்டின் பழமையையும் விளக்கி வருகின்றது. வட பறவூருக்கு அண்மையிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் அகழ்வு நடத்தினர். மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், கல்மணிகளும், ஒரே மரத்தில் குடைந்த தோணியும் கிடைத்தன. சங்கப் புலவர் பாடிய முசிறி இதுவே என்பர் அறிஞர் பலர், உடன்படாதாரும் உளர்.

கடலுக்கு அப்பாலும் சான்றுகள் உள. செங்கடற்கரையில் எகிப்தியத் துறைமுகமான பெரெனிகேயில், கோயிலொன்றில் இருந்த இந்தியச் சாடியில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. வியன்னாவில் உள்ள, கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாபிரஸ் ஏடு 1985 இல் வெளியிடப்பெற்றது. அதன் ஒருபுறம் முசிறி வணிகத்திற்கான கடன் உடன்படிக்கை. மறுபுறம் ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பு.

இவற்றைப் பேசுவோர் அகநானூற்று 149 ஆம் பாட்டையும் தவறாது கூறுவர். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது அது. யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அதிலே உண்டு. ஆயின் அச்செய்தியை மட்டும் கிள்ளியெடுத்து மேடையில் முழக்குவது பாட்டுக்குச் செய்யும் நீதியாகாது.

அது பாலைத்திணைப் பாட்டு. பொருள் தேடப் புறப்படத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கித் தலைவன் பேசுகின்றான். பெறற்கரிய செல்வம் எளிதில் வாய்ப்பினும், இவள் கண்கள் நீர் சொரிய விட்டு வாரேன் என்கின்றான். அக்கண்களுக்கு உவமை திருப்பரங்குன்றத்துச் சுனையின் நீலமலர். அம்மலரைச் சொல்லக் கூடலைச் சொல்கிறார். கூடலைச் சொல்லச் செழியனைச் சொல்கிறார். செழியனைச் சொல்ல அவன் முற்றுகையிட்ட முசிறியைச் சொல்கிறார். பெருமை பேசும் நோக்கமின்றிப் போகிற போக்கில் சொன்னதனாலேயே அச்சான்று வலிவுடையதாகின்றது.

புலவரின் நுட்பம் இதனினும் பெரிது. உலகம் அறிந்த செல்வத் துறைமுகத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் ஒருத்தியின் கண்ணீரை வைக்கின்றார். கண்ணீரே கனக்கின்றது. ஓடுகள் வணிகத்தைச் சொல்லும். ஏடு விலையைச் சொல்லும். அப்பொருளுக்காக வீட்டில் இருப்போர் கொடுக்கும் விலையைப் பாட்டு ஒன்றே சொல்லும்.

அத்தலைவன் செல்லாது நின்றான். நாமோ ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பிழைப்புக்காக வந்தவர்கள். நம்மை வழியனுப்பிய கண்களை நாம் அறிவோம். ஆதலின் நம் பிள்ளைகளுக்கு முசிறியைக் காட்டும்போது மிளகோடு நிறுத்திவிடலாகாது; பாட்டை இறுதிவரை படித்துக் காட்டுவோமாக.