கெட்டி மேளம் நின்ற பிறகு

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எலெக்ட்ரிக் கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். மேடுபள்ளத்தில் முன்பக்கம் 'கட்... கட்...' என்கிறது. சர்வீஸில் கேட்டால், "எலெக்ட்ரிக் வண்டின்னா அப்படித்தான் சார். இன்ஜின் சத்தம் இல்லாததால உங்களுக்குக் கேக்குது" என்று அனுப்பிவிட்டார்கள். 'இது உண்மையா, சமாளிப்பா?' என்பது அவர் கேள்வி.

பாதி உண்மை, பாதி சமாளிப்பு.

தாலி கட்டும்போது கெட்டி மேளம் எதற்கு? தும்மலோ அச்சானியமான பேச்சோ காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான். பெட்ரோல் இன்ஜின் இத்தனை காலமும் அந்த உபகாரத்தைச் செய்துவந்தது. மேளம் நின்றதும் தும்மல் கேட்கிறது, சரி. ஆனால் தும்மியவருக்கு ஜலதோஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? 'மேளம் இல்லை, அதான்' என்பது வைத்தியம் ஆகாது.

இத்தனைக்கும் சஸ்பென்ஷனில் புதுசாக எதுவும் இல்லை. நம்மூர் எலெக்ட்ரிக் கார்கள் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்களில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கர் யோசித்து, 1950-ல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் வந்த ஏற்பாடு. மாறியது எடைதான். 2020-ல் வந்த டாடா நெக்ஸான் ஈ.வி. சுமார் 1,400 கிலோ. அதன் பெட்ரோல் அண்ணனைவிட நூறு கிலோவுக்கும் மேல் அதிகம். அந்தச் சுமையோடு நம் வேகத்தடைகளில் ஏற வேண்டும். இந்தியன் ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். தெருவில் போட்டிருப்பது பாதி இடங்களில் சிமென்ட்டில் செய்த கொழுக்கட்டை.

சரி, சத்தம் எங்கிருந்து? வீட்டிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், இரண்டு முன் சக்கரங்களும் ஒரே சமயத்தில் ஏறும்படி ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கட்டும். இரண்டாவதில் மட்டும் 'கட்' என்றால் சந்தேகம் லிங்க் ராடு மேல். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், சக்கரங்கள் சேர்ந்து ஏறினால் முறுக்கேறாது. தனித்தனியாக ஏறினால்தான் முறுக்கேறும். லிங்க் ராடு பெரிய செலவில்லாத சாமான்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், அல்லது அதன் பேரிங். பிரேக் போடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'தொம்' என்றால் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். 'கீச் கீச்' என்றால் புஷ்ஷில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் குற்றவாளி அகப்பட்டான். ஆனால் இன்ஜின் ஆயில், டீசல் எதையும் அதில் அடிக்க விடாதீர்கள். சத்தம் ஒரு வாரம் நிற்கும். ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

சமதளச் சாலையில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது மட்டும் 'டக்' என்றால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு ஆக்ஸிலையும் மோட்டார் மவுன்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அலட்சியம் செய்யவே கூடாதது பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் வளைவில் அப்படி ஆனால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

'அப்படித்தான் சார்' என்பது ஏன் ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம். 2020 அக்டோபரில் சீனாவில் டெஸ்லா நிறுவனம் சஸ்பென்ஷன் கோளாறுக்காக, இறக்குமதியான சுமார் 30,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. காஸ்ட்லி கார் என்பதால் இரும்பும் ரப்பரும் மரியாதை காட்டுவதில்லை.

என் புகார் தயாரிப்பாளர்கள் மீதும்தான். விளம்பரத்தில் நிசப்தத்தை விற்கிறார்கள். அந்த நிசப்தத்தில் கேட்கும் மற்ற சத்தங்களுக்கும் அவர்கள்தானே பொறுப்பு? பல கார்களில் பால் ஜாயின்ட் தேய்ந்தால் முழு ஆர்மையும் மாற்றச் சொல்கிறார்கள். பொத்தான் போனால் சட்டை மாற்றுவது மாதிரி.

சர்வீஸ்காரர்களிடம் ஒரு கேள்வி: புஷ் மாற்றிய பிறகு போல்ட்டை எப்போது முறுக்குகிறீர்கள்? கார் லிஃப்ட்டில் தொங்கும்போது முறுக்கிவிட்டு இறக்கினால், ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் மேல் வண்டியின் முழு எடை இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. இது தெரியாமல் புது புஷ் போட்டு, ஆறே மாதத்தில் பழைய சத்தத்தோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

அனுமந்தன்பட்டி அன்பரே, வாரன்ட்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். 'சத்தம் இயல்பானது' என்றால் அதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேனாவை எடுத்ததும் பல பேருக்குக் காது நன்றாகக் கேட்க ஆரம்பிக்கும்.

வாரன்ட்டி முடிந்துவிட்டால், ஒரு லிங்க் ராடுக்காக நூறு கிலோமீட்டர் மதுரைக்குப் போக வேண்டாம். உள்ளூர் மெக்கானிக் போதும். சஸ்பென்ஷனுக்கும் கரன்ட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டே நிபந்தனை: ஜாக்கியை பேட்டரிப் பெட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது, ஆரஞ்சு கலர் கேபிளைத் தொடக் கூடாது. ஆர்மோ ஸ்ட்ரட்டோ கழற்றினால், வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சத்தம் குறையில்லை. அது வண்டி முன்கூட்டியே அனுப்பும் தந்தி. தந்தி ஆபீஸ்களை 2013-ல் மூடிவிட்டோம். வண்டிகள் இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன.