நோசாவாவின் கீரை

பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர் ஜப்பானின் நோசாவா ஒன்சென். குளிர்காலம் முழுக்க அங்கே தங்குவதாயிருந்தால், சரிவுகளுக்கு இணையாக நான் கொண்டாடுவது ஒரு கீரையைத்தான். நோசாவானா, டர்னிப் இனம். தண்டும் இலையுமாக மூன்றடிக்கு நெருக்கமாக வளரும். 1756-இல் உள்ளூர்க் கோயில் துறவி ஒருவர் விதை கொண்டுவந்ததாக ஊரில் சொல்வார்கள்.

பனி மூடுவதற்குள், நவம்பரில், தோட்டத்துக் கீரையை அறுத்து வெந்நீர் ஊற்றில் அலசுகிறார்கள். ஆவி பறக்கும் தொட்டியோரம் கட்டுக்கட்டாகப் பச்சை! பிறகு உப்புத் தூவி, பீப்பாயில் அடுக்கி, கனமான கல்லேற்றி ஊறவைப்பார்கள். முதலில் நறுக்கென்று இருக்கும். தை, மாசி வாக்கில் பழுப்பேறிப் புளிக்கும். அந்தப் புளித்த கீரையை மிசோ என்னும் சோயா விழுதோடு வதக்கி, மாவுக்குள் பொதிந்து ஓயாகி செய்வார்கள். சறுக்கிக் களைத்த வயிற்றுக்கு இதைவிட நல்ல உணவு கிடையாது. சைவர்கள் மீன்சாறு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.